தலெந்தா வாயடைத்த பெட்டி

எங்கள் சஃபாக்ஸ் ஊர்க்காரர்களைப் பற்றித் தலைநகரில் ஒரு கேலி உண்டு: தூக்கத்தில்கூட எங்களுக்கு ஒரு கை வேலை பார்த்துக்கொண்டிருக்குமாம். சொல்லட்டும். சொல்கிறவர்கள் வீட்டில் டிஷ் ரிசீவர் கெட்டால் பெட்டி பஸ் ஏறி வருவது இங்கேதான். இங்கே என்றால் பழைய கோட்டை மதிலின் பாப் ஜெப்லி வாசலை ஒட்டிய ரிசீவர் சந்துக்கு. சந்து என்றால் முதலில் தலெந்தாவின் கடைக்கு. அவள் முடியாது என்று சொல்லிவிட்டால்தான் மற்ற கடைகளுக்கு. அவள் முடியாது என்று சொன்னதற்கு இதுவரை சாட்சி கிடையாது.

படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் பாதி. ஆலிவ் பறிப்பு ஆரம்பித்துவிட்டால் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்பதே அவள் வீட்டாருக்கு மறந்துபோகும். ஆட்டுக்கொம்பின் நுனியை விரல்களில் உறைபோல மாட்டிக்கொண்டு, ஏணியில் நின்று, தலை வாருவதுபோலக் கிளையை வார வேண்டும். காய் கீழே விரித்த வலையில் உதிர வேண்டும், இலை கிளையிலேயே நிற்க வேண்டும். இலையையும் சேர்த்து உருவுகிறவளை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். தலெந்தா வாரிய மரத்தடியில் ஓர் இலை பொறுக்க முடியாது என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது அவளேதான். நல்ல பெயரை இன்னொருவர் வந்து கொடுக்கட்டும் என்று காத்திருந்தால் இன்றும் ஏணியில்தான் நின்றிருப்பாள்.

பிறகு கார்களுக்கு வயர்க்கட்டு செய்கிற ஒரு தொழிற்சாலை. பற்றவைக்கக் கற்றது அங்கே. சோதனை இயந்திரம் எதற்குச் சிவப்பு விளக்கு போடுகிறது என்று அதைக் கழற்றிப் பார்த்ததற்காக வெளியே அனுப்பினார்கள். அனுப்பவில்லை, நான்தான் அவர்களை விட்டுவிட்டு வந்தேன் என்பாள். அந்தச் சமயம் பார்த்து மாடிக்கு மாடி டிஷ் முளைத்தது. சந்தில் ஒரு படிக்கட்டின் அடியில், குனிந்து நுழைகிற இடத்தில் கடை போட்டாள். இன்று அந்தப் படிக்கட்டும் அது போய்ச் சேர்கிற மாடியும் அவளுடையவை.

ரிசீவர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஸ்விட்சைப் போட்டதும் முதலில் எழுந்து, ப்ராசஸர், நினைவகம், கம்பி, விளக்கு எல்லாரையும் வேலைக்கு நிறுத்துகிற மேஸ்திரி ஒருவன் அதில் உண்டு. அவனுக்குக் கெர்னல் என்று பெயர். உலகத்துக்கே பொதுவாகக் கிடைக்கிற சரக்குதான். ஆனால் எடுத்து அப்படியே போட முடியாது, எந்த வகை ப்ராசஸரோ அதற்கென்று கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்னால் ஒரு நீலத் திரை வந்து கேள்வி கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில். வேண்டும் என்றால் நட்சத்திரம், வேண்டாம் என்றால் வெற்றிடம். ஒரு முக்கியமான பதில் தப்பினால் பெட்டி வெறும் கல். தலெந்தாவுக்கு இதை எந்த இன்ஜினீயரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்லாக்கிக் கல்லாக்கித்தான் கற்றாள். ஆங்கில எழுத்தே அவளுக்குப் பிழைச் செய்திகளிலிருந்து வந்ததுதான்.

இந்தத் தொழிலில் எங்கள் சந்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கெர்னல் எழும்போது, தான் செய்வதை வரி வரியாகச் சொல்லிக்கொண்டே எழும். போர்டில் இருக்கிற சின்ன இணைப்பில் ஒரு கேபிளைச் செருகி மடிக்கணினியில் பார்த்தால் அத்தனையும் ஓடும். எதிர்க்கடைக்காரன் பார்த்தால் நம் வித்தையும் அவனோடு ஓடிவிடும். அதனால் வேலை முடிந்து டிவியில் படம் வந்ததும், நீலத் திரைக்குத் திரும்பிப் போய், அந்த வரிகளை வெளியே விடுகிற நட்சத்திரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி கட்டிக் கொடுப்போம். வாயடைப்பது என்று அதற்குப் பெயர். தலெந்தாவும் வாயடைத்தாள், எதிர்க்கடை ஷெத்லியும் வாயடைத்தான். அவளைவிட இறுக்கமாக வாயடைக்க ஆளில்லை என்பதிலும் அவளுக்குப் பெருமை இருந்தது.

ஒரு பறிப்புக் காலத்தில் ஒருநாள் அகாரெப் பக்கத்திலிருந்து மப்ரூக்கா வந்தாள். ஏணி ஏறிப் பறிக்கிற பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஹாஜி சாதுக்கின் பழைய எண்ணெய் ஆலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மண்ணெண்ணெய் அடுப்புபோலச் சின்ன உருவம், அதே சீற்றம். மதிப்புள்ள பெண்ணை இங்கே லல்லா என்றுதான் கூப்பிடுவோம்.

“லல்லா, ரிசீவர் கொண்டு வரல. எங்க ஆலைக்கு மூளை போயிடுச்சு.”

“ஆலைக்குப் போனா போகட்டும். உனக்கு இருக்கு, அதான் எங்கிட்ட வந்திருக்க. உக்காந்து சொல்லு.”

மின்னல் இறங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகியிருந்தது. அரைத்த விழுதைச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கிற பெரிய உருளை அந்தப் பெட்டி சொன்னால்தான் சுற்றும்; வேகம், சூடு, அதிர்வு எல்லாம் அதன் பொறுப்பு. செய்த கம்பெனி மூடிப் பல காலம். வேறு பெட்டி கப்பலில் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். குத்தகைப் பேச்சோ இப்படி: இந்தப் பருவத்துக் காய் இந்த ஆலையில் ஆட்டப்பட வேண்டும், இல்லையென்றால் ஆலை திரும்ப ஹாஜிக்கு, காயும் அவர் சொல்கிற விலைக்கு அவருடைய பெரிய ஆலைக்கு. பெண்கள் எங்கே ஓட்டப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர் கொடுத்ததே. பறித்த காய் கூடை கூடையாகக் குவிந்து கிடந்தது. குவிந்த காய் சூடேறும், சூடேறினால் எண்ணெய் புளிக்கும்.

தலெந்தா கருகிய பெட்டியின் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தாள். ஆலையை ஓட்டுகிற நிரல் பிழைத்திருந்தது. அது எந்த ப்ராசஸரிலும் ஓடக்கூடிய எழுத்து. கீழே ஒரு கெர்னல் எழுந்து நின்றால் போதும். பழைய பெட்டியின் ப்ராசஸர் ஆர்ம் வகை. அவள் கடை அலமாரியில் அடுக்கியிருந்த ரிசீவர்கள் எல்லாம் மிப்ஸ் வகை. ஒன்றுக்குக் கட்டிய கெர்னல் இன்னொன்றில் மூச்சுகூட விடாது. விடாவிட்டால் என்ன, புதிதாகக் கட்ட வேண்டியதுதான். டிவி காட்டுகிற பெட்டியை ஆலை ஓட்ட வைப்பது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

கடை வாசலுக்கு வந்து, சந்து முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

“சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உங்க ஆலை சுத்தும். சுத்தலேன்னா என் கடைப் பலகைய நானே எறக்கி வெக்கிறேன்.”

எதிர்க்கடையிலிருந்து ஷெத்லி தலையை நிமிர்த்தவே இல்லை. “எறக்கும்போது ஒரு குரல் குடுங்க உஸ்தா. ஏணி எங்கிட்ட இருக்கு.” உஸ்தா என்றால் தொழிலில் கைதேர்ந்தவர்; அவன் வாயில் அது பாதி மரியாதை, பாதி கேலி.

மறுநாள் காலை, ஆள் நிரம்பினால் கிளம்புகிற லுவாஜ் வேனில், மடியில் மடிக்கணினி, காலடியில் ரிசீவர்களோடு அகாரெப் போய் இறங்கினாள். ஆலையின் எடைபோடும் அறையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். பறிப்பிலிருந்து திரும்பிய பெண்கள் ப்ஸீஸா மாவை எண்ணெயில் குழைத்துத் தின்றுகொண்டே சுற்றி நின்று நீலத் திரையைப் பார்த்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

புதிதாகத் தொடங்குவானேன் என்று, அதே ரிசீவருக்குத் தான் கட்டி வைத்திருந்த பழைய பதில்களையே எடுத்துத் திறந்தாள். சந்தில் அந்தப் பதில்களுக்காக ஒரு பல்லைக் கொடுக்கவும் ஆள் இருந்தது. அதிலிருந்து டிவி சம்பந்தப்பட்டதையெல்லாம் வார ஆரம்பித்தாள். படம் வேண்டாம், ஒலி வேண்டாம், ரிமோட் வேண்டாம், முன்பக்கத்து விளக்கு வேண்டாம். ரிசீவரில் கெர்னலுக்கு ஒதுக்கிய இடம் ஒரு கைப்பிடிதான், நெட்வொர்க்கையும் தூக்கினாள். மோட்டார்களோடு பேசுகிற யுஎஸ்பி கேபிளுக்கு நட்சத்திரம் போட்டாள். ப்ராசஸர் பகுதி வந்தபோது மட்டும் நின்று, பெண்களுக்கு விளக்கினாள்: சில ப்ராசஸர் எண்ணைப் பெரிய முனையிலிருந்து எடுத்துவைக்கும், இது சின்ன முனையிலிருந்து, நம்மைப் போல, நாம் அரபியில் இருபத்தைந்தை ஐந்தும் இருபதும் என்று சொல்வதில்லையா, அப்படி.

“அப்ப இது நம்ம ஊர்க்காரப் பெட்டிதான்” என்றாள் ஒருத்தி.

கட்டினாள். ஆலை நிரலோடு சேர்த்துப் பெட்டியில் ஏற்றினாள். கேபிளைச் செருகி ஸ்விட்சைப் போட்டாள். கெர்னலை எழுப்பிவிடுகிற சின்ன நிரல் தன் பங்கைச் சொன்னது: ஏற்றியாயிற்று, ஒப்படைத்தாயிற்று. அதற்குப் பிறகு திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

முதல் தடவை பேசாமல் இருப்பது வழக்கம்தான் என்று பெண்களை அனுப்பிவிட்டாள். அது வழக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எழுந்தவுடன் செத்தால் காரணம் ப்ராசஸர் பதில்களில்தான் இருக்க வேண்டும். மிப்ஸிலேயே எந்தத் தலைமுறை, நினைவகத்தை எவ்வளவு பெரிய துண்டாக வெட்டுவது, நினைவகம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கட்டினாள். மடிக்கணினியின் விசிறி ஆலையைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு புதினாத் தேநீர் வந்து ஆறியது. கடைசியில், தன் வாயாலேயே விளக்கிய அந்தப் பெரிய முனை சின்ன முனையைக்கூடச் சந்தேகப்பட்டுத் திருப்பிப் போட்டாள். அதற்கும் மௌனம். அதில் மட்டும் பெட்டி அடுப்புபோலக் கொதித்தது. விரலைச் சட்டென்று எடுத்துவிட்டு, எல்லாப் பதிலையும் முதல் தடவை இருந்தபடியே திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஹாஜியின் லாரி வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கவில்லை, தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துக்கொண்டான், நாளைக்கு எப்படியும் ஏற்றத்தானே போகிறோம் என்பதுபோல. சங்கத்தில் சிலர் இன்றைக்கே விற்றுவிட்டால் விலையாவது மிஞ்சும் என்று முணுமுணுத்தார்கள். மப்ரூக்கா அவர்களைத் தாண்டி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“லல்லா, நெசத்த சொல்லு. முடியலேன்னா முடியலேன்னு சொல்லிடு. நான் உன்னக் கொற சொல்ல மாட்டேன்.”

“நாளைக்குச் சாயங்காலம்னு சொன்னேன்ல. லாரிக்காரன் தூங்கறான், தூங்கட்டும். அவன் முழிச்சு எழறப்போ வெறும் லாரியதான் ஓட்டிட்டுப் போகணும்.”

சனிக்கிழமை காலை ஷெத்லி வந்தான். வேடிக்கை பார்க்க வரவில்லை. அவன் மாமியாருடைய மரங்களின் காயும் அந்தக் குவியலில் இருந்தது. சஃபாக்ஸில் யாருக்குத்தான் நாலு மரம் இல்லை. ஆனாலும் வந்த கையோடு வேடிக்கையும் பார்த்தான். மேசைக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

“என்ன உஸ்தா, பெட்டி என்ன சொல்லுது?”

“ஒன்னைப் பாத்ததும் வெக்கப்படுது.”

“நான் வேணா பாக்கட்டுமா?”

“நீ பாத்தா அது அழும்.” மடிக்கணினியின் திரையை அவன் பக்கம் தெரியாதபடி ஒரு சாண் திருப்பிக்கொண்டாள்.

அவன் சிரித்தான். ஆனால் எழுந்து போகவில்லை. அவனும் வாசலில் நின்ற லாரியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான்.

அப்போது மப்ரூக்கா கூடைகளுக்கு நடுவில் போய், ஒவ்வொன்றிலும் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தாள். காய் கெட ஆரம்பிப்பதை மூக்கு சொல்வதற்கு முன்னால் உள்ளங்கை சொல்லிவிடும். பறிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சோதனை. மூலைக் குவியலில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

“சூடேறுது லல்லா. அடியில இருக்கறது சூடேறுது.”

அதைக் கேட்டதும் தலெந்தாவின் விரல் தானாகவே ரிசீவரின் ப்ராசஸர்மேல் போய் உட்கார்ந்தது. கொம்பு மாட்டாத வெறும் விரல். ஸ்விட்ச் போட்டு வெகு நேரமாகியிருந்தது.

குளிர்ச்சியாக இருந்தது.

விரலை எடுக்காமல் யோசித்தாள். முனையைத் திருப்பிப் போட்ட கெர்னல் நிஜமாகவே செத்தது. செத்த கெர்னல் ப்ராசஸரை வெறிபிடித்ததுபோல் வெறுமனே சுற்றவிடும், அதனால்தான் கொதித்தது. இதுவோ குளிர்ந்து கிடக்கிறது. உயிரோடு எழுந்து, வேலையெல்லாம் முடித்து, அடுத்த வேலை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கெர்னல்தான் ப்ராசஸரை இப்படிக் குளிரவிடும். அது எழுந்துவிட்டது. முதல் தடவையே எழுந்துவிட்டது. வந்து நின்று இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஏன் பேசவில்லை?

வாயை அடைத்தது யார்?

பழைய பதில்கள். வேலை முடிந்து, வாயடைத்து, கடைசியாகப் பத்திரப்படுத்திய பதில்கள். கடையில் டிவியில் படம் வந்தால் உயிர் என்று தெரியும், வாயடைத்த பிறகு கேபிளே தேவைப்பட்டதில்லை. இங்கே படத்தையும் விளக்கையும் நெட்வொர்க்கையும் அவளே வாரித் தள்ளியிருந்தாள். அது குரல் கொடுக்க ஒரு வழியையும் மிச்சம் வைக்கவில்லை. இத்தனை நாளும் நல்ல ப்ராசஸர் பதில்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

காது மடல் சூடானது. எதிரே ஷெத்லி. வரிகளை வெளியே விடுகிற அந்த நட்சத்திரத்தை மறுபடி போட வேண்டுமென்றால் அவளுடைய பதில்களை அவன் கண்முன்னால் திறக்க வேண்டும், அவனை வெளியே போகச் சொன்னால் ஏன் என்று தெரிந்துவிடும். வாசலில் லாரி டிரைவர் தொப்பியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தான்.

மடிக்கணினியை நேராகத் திருப்பி வைத்தாள். அந்தக் கேள்விக்குப் போய் நட்சத்திரம் போட்டாள்.

ஷெத்லி திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“வாயடச்ச பெட்டிய வெச்சிக்கிட்டா பேசு பேசுன்னு கேட்டுட்டு இருந்தீங்க?”

“என்னளவுக்கு யாராலயும் அடைக்க முடியாதுன்னு சொல்வேன்ல. இப்போ நம்பறியா?”

அவன் சிரிப்பை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, போன பருவத்தில் தானும் இதே மாதிரி ஒரு பெட்டியைச் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டதாகச் சொன்னான். அதை அவன் வேறு யாரிடமும் சொன்னதில்லை. நாற்காலியை நேராகத் திருப்பிக்கொண்டு, யுஎஸ்பி கேபிளை மோட்டார்ப் பெட்டி வரைக்கும் இழுக்க அவனே எழுந்தான்.

கெர்னல் கட்டி முடியும் நேரத்தில் தலெந்தா இன்னொரு காரியமும் செய்தாள். நீலத் திரையில், கட்டுகிறவர் விரும்பினால் கெர்னலின் பெயருக்குப் பின்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. வாயடைத்த பெட்டிகளில் அது யார் கண்ணிலும் படாது என்பதால் அவள் அதைத் தொட்டதே இல்லை. இப்போது அந்த இடத்தில் தன் பெயரை எழுதி, மறுபடி கட்டவிட்டாள்.

ஸ்விட்சைப் போட்டதும் திரையில் வரிகள் கொட்டின. முதல் வரியிலேயே கெர்னல் தன் பெயரைச் சொன்னது. அதன் வாலில் தலெந்தா. பிறகு ப்ராசஸரைச் சொன்னது, நினைவகத்தைச் சொன்னது, மோட்டார்க் கேபிளைக் கண்டுகொண்டதைச் சொன்னது. ஆலை நிரல் எழுந்து சூட்டைக் கேட்டது, அதிர்வைக் கேட்டது. அந்தப் பக்கம் இரும்பு முனகியது. உருளை மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு தரை அதிரச் சுற்றியது. மூலைக் குவியலைத்தான் முதலில் கொட்டச் சொன்னாள் மப்ரூக்கா. பச்சை எண்ணெய் குழாயில் தலைகாட்டியபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பெண்களில் ஒருத்தி குரவையிட்டாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். லாரி வெறும் லாரியாகவே திரும்பிப் போனது. டிரைவர் போகும்போது ஒரு ரொட்டியில் புது எண்ணெய் ஊற்றி வாங்கிக்கொண்டுதான் போனான்.

கிளம்புகிற நேரத்தில் ஷெத்லி கேபிளைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டான், வழக்கப்படி வாயடைத்துவிடலாமா என்று. மப்ரூக்கா தலெந்தாவைப் பார்த்தாள்.

“லல்லா, நீ ஊர்ல இல்லாதப்போ இது நின்னு போச்சுன்னா நான் யார்கிட்ட போவேன்?”

தலெந்தா தன் பதில்களில் ஒரு பிரதியை ஆலை நிரலுக்குப் பக்கத்திலேயே பெட்டியில் பதித்தாள். பிறகு பெட்டியின் மூடியில் ஓர் ஓட்டை போட்டு, கேபிளின் நுனி வெளியே தொங்குகிற மாதிரி வைத்துத் திருகினாள்.

“தெறந்தே இருக்கட்டும்.”

“என்ன உஸ்தா, எவன் வேணா வந்து பாப்பானே” என்றான் ஷெத்லி.

“பாக்கட்டும். எவன் பாத்தாலும் மொத வரியில என் பேரத்தான் படிக்கணும்.”

அந்தப் பருவம் முழுவதும் ஆலை ஓடியது, குத்தகை நின்றது, பெண்கள் அடுத்த பருவத்துக்கு இன்னொரு தோப்பையும் பேசி முடித்தார்கள். மறு வருஷம் தலெந்தா மகள் பிரசவத்துக்கு பிஸெர்த் போயிருந்தபோது அதிர்வு அளக்கும் கருவி மாறி, பெட்டி அதை அடையாளம் காணாமல் நின்றது. மப்ரூக்கா ஷெத்லியைக் கூப்பிட்டாள். அவன் வெளியே தொங்கிய நுனியைத் தன் மடிக்கணினியில் செருகினான், வரிகளைப் படித்தான், அவள் விட்டுப்போன பதில்களில் வேண்டிய நட்சத்திரத்தைப் போட்டுக் கட்டினான், ஆலை மறுபடி சுற்றியது.

ஊர் திரும்பியதும் தலெந்தா நேரே அகாரெப் போனாள். ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. அதை ஒட்டி, ஒரு கோடு போட்டு, ஷெத்லி என்றும் இருந்தது.

மப்ரூக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலெந்தா அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். மூடியைத் திருகி, கேபிள் நுனியை வெளியே இழுத்துவிட்டாள்.

“எனக்குப் பின்னாலதானே நிக்கறான்” என்றாள். “நிக்கட்டும்.”